மிசிசிப்பி பிறக்கும் ஏரிக்கரையில் ஆர்வி முகாம்: வாசகர் கேள்விகள்

ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில் முகாமிடுவது பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மினசோட்டாவின் இட்டாஸ்கா மாநிலப் பூங்காவைப் பற்றியவை. மிசிசிப்பி நதி தொடங்கும் ஏரி அங்கேதான் இருக்கிறது. 1891-ல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காதான் அந்த மாநிலத்திலேயே பழையது. 32,000 ஏக்கருக்கு மேல் பரந்த காடு, நூற்றுக்கும் அதிகமான ஏரிகள், இருநூறு வயதைத் தாண்டிய சிவப்புப் பைன் மரங்கள். அதனால் பதில்களையும் அந்த இடத்தை வைத்தே சொல்கிறேன்.

ஜூலையில் நான்கு நாள் லீவு. சிகாகோவில் ஆர்வி எடுத்து இட்டாஸ்கா, துலூத் நகரம், வாயேஜர்ஸ் தேசியப் பூங்கா மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

வேண்டாம். சிகாகோவிலிருந்து இட்டாஸ்காவுக்கே 600 மைலுக்கு மேல். காரில் பத்து மணி நேரம் என்றால் ஆர்வியில் பன்னிரண்டு என்று வையுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டையும் ஒரே இடத்தில் கழியுங்கள். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் பாத்திரங்களைக் கட்டி, கரண்ட் ஒயரைச் சுருட்டி, வண்டியின் பக்கவாட்டில் நீட்டிய அறையை உள்ளே இழுத்து, போன இடத்தில் மட்டம் பார்த்து மறுபடி நிறுத்த வேண்டும். இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். மினியாபோலிஸ் வரை விமானத்தில் வந்து அங்கே வண்டி எடுத்தால் பூங்காவுக்கு நான்கு மணி நேரம்தான்.

முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறக்கும். ஜூலை வார இறுதி வேண்டுமென்றால் திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளி இடம் கொடுத்தால் செப்டம்பரில் போங்கள் என்பதே என் கருத்து. கொசு குறைந்திருக்கும், கூட்டமும் இருக்காது. மாதக் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கும். இரவில் நன்றாகவே குளிரும், கம்பளி அவசியம்.

எவ்வளவு பெரிய வண்டி எடுப்பது? இதுவரை மினிவேன் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன்.

நான்கு பேருக்கு 25 அடி நீளமுள்ள கிளாஸ் சி (ஓட்டுநர் அறைக்கு மேலும் படுக்கை நீண்டிருக்கும் நடுத்தர ஆர்வி) போதும். நாம் பழகாதது மூன்று: உயரம், பின்பக்க வீச்சு, பிரேக் பிடிக்கும் தூரம். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சாப்பாட்டுக் கடைகளின் டிரைவ் த்ரூ பக்கமே போகாதீர்கள். இறுக்கமாகத் திருப்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். பெட்ரோல் பங்க்கில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். கிளம்புவதற்கு முன் காலியான பார்க்கிங் இடத்தில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் பழகுங்கள். பூங்காவில் பின்னால் ஒருவர் நின்று கை காட்டாமல் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பக்கத்து இடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் உள்ள இடம் கிடைத்திருக்கிறது, 30 ஆம்ப். ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி எல்லாம் ஓடுமா?

ஓடும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி சுமார் 1,500, இண்டக்‌ஷன் முழு வேகத்தில் 1,800. மிச்சம் 300தான். அதோடு வெந்நீர் ஹீட்டரும் கரண்ட்டில் இருந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள். சட்னி அரைக்கும் அந்த இரண்டு நிமிடம் ஏசியை அணைத்துவையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே உதவாது, 110 வோல்ட் மிக்ஸிதான் வேண்டும்.

தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, மிளகாய் வற்றல் புகைக்கு உள்ளே அலாரம் அலறும். அதற்காகச் சிலர் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைப்பதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள சிறு அறையில் எல்லோரும் தூங்குகிறீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். பிக்னிக் மேசையில் அடுப்பை வைத்துத் தாளித்துவிட்டு உள்ளே எடுத்துவந்தால் வேலை முடிந்தது.

தண்ணீரும் கழிவுத் தொட்டியும்தான் பயமாக இருக்கிறது. அம்மா, அப்பாவும் வருகிறார்கள்.

எல்லோரும் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. விரிவாகவே சொல்கிறேன்.

இட்டாஸ்காவில் உங்கள் இடத்திலேயே தண்ணீர்க் குழாயோ கழிவு இணைப்போ கிடைக்கும் என்று எண்ணி வராதீர்கள். உள்ளே நுழையும்போதே நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். 40 கேலன் என்பது ஏறக்குறைய 150 லிட்டர். ஆறு பேருக்கு இரண்டு நாள் என்றால் சிக்கனமாகத்தான் இருக்க வேண்டும். குளியலை முகாமின் பொதுக் குளியலறையில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் கிரே டேங்க்தான் பெரும்பாலும் முதலில் நிரம்பும். சாம்பார், எண்ணெய் ஒட்டிய தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவது விதிப்படி தவறு, கரடியைக் கூப்பிடுவதும் ஆகும்.

கழிவறைக் கழிவு போய்ச் சேரும் பிளாக் டேங்கில் மனிதக் கழிவும் டாய்லெட் பேப்பரும் மட்டுமே போகலாம். ஈரத் துடைப்பான் ஒன்றுகூட போகக் கூடாது. அப்பா, அம்மா தண்ணீரில்தான் கழுவுவார்கள், தொட்டி சீக்கிரம் நிரம்பும். அதற்காக அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் கழிவு கட்டியாகிப் படியாமல் எளிதாக வெளியேறும். பகலில் பொதுக் கழிவறை, இரவில் மட்டும் வண்டிக்குள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கிளம்பும் நாளில் டம்ப் ஸ்டேஷனில், அதாவது தொட்டிகளைக் காலி செய்யும் இடத்தில், இதுதான் வரிசை. கையுறை போடுங்கள். குழாயை வண்டியில் மாட்டித் திருகி, மறுமுனையைத் தரையிலுள்ள துளையில் இறக்கி, நகராமல் ஒரு கல்லை வையுங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மூடுங்கள். அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் குழாயையும் அலசிவிடும். அங்கே அலசுவதற்கு இருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மிசிசிப்பி தொடங்கும் இடம் வரை நடக்க முடியுமா?

தாராளமாக. பூங்காவிலுள்ள மேரி கிப்ஸ் பார்வையாளர் மையத்திலிருந்து சில நிமிட நடைதான், பாதை சமமாக இருக்கும். மேரி கிப்ஸ் 1903-ல் இந்தப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர். மரம் வெட்டும் கம்பெனியின் அணையால் ஏரி மட்டம் உயர்ந்து கரையோர மரங்கள் மூழ்கியபோது 24 வயதில் எதிர்த்து நின்றவர். இன்று அங்கே நிழல் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். அந்தப் பெயர்ப்பலகைக்கு முன் ஒரு நிமிடம் நின்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஏரியின் விளிம்பில் வரிசையாகக் கற்கள் இருக்கும். எல்லோரும் அதன் மேல் நடந்துதான் படம் எடுப்பார்கள். வழுக்கும், பெரியவர்களுக்கு வேண்டாம். சற்றுக் கீழே மரக்கட்டைப் பாலம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். ஒரு கண்டத்தையே கடந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும் நதி அங்கே வாய்க்கால் அளவுதான், அதுவும் முதலில் வடக்கு நோக்கி ஓடுகிறது. காலை ஒன்பது மணிக்கு முன் போனால் கூட்டமிருக்காது.

கொசு, உண்ணி, கரடி: எதற்கு உண்மையாகவே பயப்பட வேண்டும்?

உண்ணிக்கு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், மே முதல் ஜூலை வரை அதிகம். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். தினமும் இரவில் முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமுடியின் ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். எண்ணெய், நெருப்பு வைத்தியமெல்லாம் வேண்டாம். பின்னர் காய்ச்சலோ படரும் சிவப்புத் தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

கரடிக்கு ஒரே விதி: இரவில் சாப்பாடு, ஐஸ் பெட்டி, குப்பை எதுவும் வெளியே இருக்கக் கூடாது.

வீட்டில் வெட்டிய விறகு நிறைய இருக்கிறது, கொண்டுவரலாமா? காயக் என்ற சிறு துடுப்புப் படகையும் கொண்டுவரலாமா?

விறகு கூடாது. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு போன்ற பூச்சிகள் விறகோடுதான் ஊர் ஊராகப் பரவி ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கின்றன. பூங்காவிலேயே வாங்கி அங்கேயே எரித்து முடியுங்கள். காயக் கொண்டுவரலாம். வேறு ஏரியில் இறக்கியிருந்தால் ஒட்டிய செடிகளை எடுத்து, உள்ளிருக்கும் தண்ணீரை முழுக்க வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வண்டியில் கட்டுங்கள். ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் பரவும் வரிக்குதிரைச் சிப்பியின் (ஜீப்ரா மசல்) குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. காற்றடைக்கும் காயக்கிலும் மடிப்புகளுக்குள் தண்ணீர் தங்கும், அதையும் பிரித்துத் துடையுங்கள்.