சைக்கிள் பயணத்துக்குப் ‘பேக்கேஜ்’ எதற்கு?

கேள்வி: நாங்கள் திருச்சியில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள். இப்போது படிக்கிற பிள்ளைகள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். மொத்தம் 22 பேர், வயது 19 முதல் 58 வரை. பொங்கல் கழித்து, நீர்நிலை, பிளாஸ்டிக் பற்றிய விழிப்புணர்வுக்காக கோடியக்கரை வரை 3 நாள் சைக்கிளில் போகத் திட்டம். பாதிப் பேரிடம் இருப்பது சாதாரண சைக்கிள்தான். ஒரு ஏற்பாட்டாளர் ஆளுக்கு 2,800 ரூபாய் கேட்கிறார். போலீஸ் அனுமதி, டி-ஷர்ட், மெடல், உலக சாதனைச் சான்றிதழ், பின்னால் வரும் வண்டி எல்லாம் அதில் அடக்கமாம். கியர் சைக்கிள் இல்லாமல் முடியாது என்றும் சொல்கிறார். வாங்கிவிடலாமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்:

கியர் சைக்கிள் வாங்க வேண்டாம். நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன், பத்து கியர் சைக்கிள் விற்றால் எனக்கே சந்தோஷம்தான், இருந்தாலும் வேண்டாம் என்கிறேன். திருச்சியிலிருந்து கோடியக்கரை வரை ஏற்றம் என்று சொல்ல பாலங்களை விட்டால் ஒன்றுமில்லை, முழுக்க டெல்டாத் தரை. அந்தச் சமதளத்தில் நன்றாகப் பார்த்து வைத்த ஒரு பழைய சைக்கிள், ஆன்லைனில் தள்ளுபடியில் வந்து இறங்கும் தடி டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டியைவிட லேசாகப் போகும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் மிதியில் பாதியைத் தின்றுவிடும்.

ஆன்லைன் வண்டி பற்றி இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். பெட்டியில் முக்கால்வாசி பூட்டி அனுப்புவார்கள், மிச்சத்தை நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து ஹேண்டிலை இறுக்கிக்கொண்டு, வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம் இடது பெடல். இடது பெடலின் மறை எதிர்ப்பக்கம் சுற்றுவது. வலதுபக்கம் இறுக்குகிற மாதிரியே இதையும் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கிராங்க்கின், அதாவது பெடல் மாட்டும் தண்டின், மறையே போய்விடும். ஓட்டிப் பார்க்கும்போது தெரியாது, முப்பதாவது கிலோமீட்டரில் பெடல் கையோடு வரும்.

இருக்கிற சைக்கிளைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஓவராயிலுக்கு விடுங்கள். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஒரே கடையில் கொண்டுபோய்க் குவித்தால் கடைக்காரர் காற்றடித்து எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. சாதாரண சைக்கிளில் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று கேட்டால் காட்டர் பின், அதாவது பெடல் தண்டை அச்சோடு பூட்டும் ஆணி, தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பெடலைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஆட்டிப் பாருங்கள், துளி ஆட்டம் இருந்தாலும் பின்னை மாற்றச் சொல்லுங்கள், சுத்தியலால் தட்டி அனுப்ப விடாதீர்கள். பிரேக் கட்டை, ரிம் கோட்டம், ஹேண்டில் பால்ரஸ் இவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். காற்று எவ்வளவு என்று யாரிடமும் கேட்க வேண்டாம், டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். 22 சைக்கிளில் மூன்று வகை வால்வு இருக்கும். வால்டியூப் போட்ட பழையது, மோட்டார் சைக்கிள் மாதிரியானது, ஒல்லியான புது வகை. மூன்றுக்கும் பொருந்தும் பம்ப் ஒன்றும் ஒவ்வொரு டயர் அளவுக்கும் இரண்டு டியூபும் வண்டியில் இருக்கட்டும். டெல்டா சாலையோரம் சீமைக்கருவேல முள் இல்லாத இடமே கிடையாது, பஞ்சர் ஆகுமா என்ற கேள்விக்கே வேலை இல்லை.

சரி, ஏற்பாட்டாளர் விஷயத்துக்கு வருகிறேன். 22 பேருக்கு 2,800 என்றால் 61,600 ரூபாய். அதில் ‘போலீஸ் அனுமதி’க்கு என்று ஒரு தொகை ஒளிந்திருக்கும். சாலையில் சைக்கிள் ஓட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பேரணி, பொதுக்கூட்டம், மைக் செட் என்று போனால்தான் அனுமதி. நீங்கள் செய்ய வேண்டியது, எந்த நாள், எந்த வழி, எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று ஒரே பக்கத்தில் ஒரு தகவல் கடிதம். திருச்சியில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், அப்புறம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எஸ்.பி. அலுவலகங்கள், அவ்வளவுதான். இதற்குக் கட்டணம் கிடையாது. கொடுத்ததும் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த சீலுக்குத்தான் நாலு மேஜை சுற்றவைப்பார்கள். தபால் பிரிவில் வையுங்கள் என்பார் ஒருவர், ஐயா சாப்பிடப் போயிருக்கிறார் என்பார், நாளைக்கு வாங்க என்பார். நல்ல காரியத்துக்கு ஒரு தகவல் சொல்ல வந்தவனை இப்படி அலையவிட்டால் அவன் தரகரிடம் போகாமல் எங்கே போவான்? ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள், அந்த ஒப்புகையே சாட்சி.

உலக சாதனைச் சான்றிதழ் இன்னும் பெரிய கூத்து. ‘வேர்ல்டு’ என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயரில் தனியார் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பணம் கட்டினால் ஒரு கோட்டு போட்ட ஆள் வந்து கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார். 22 பேர் 170 கிலோமீட்டர் போவதில் என்ன உலக சாதனை? 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர் உப்புச் சத்தியாகிரகத்துக்காக இதே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் காலால் நடந்தே கிளம்பி 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சோறு போடுகிறவர்களைப் பிடிப்போம் என்று வெள்ளைக்கார கலெக்டர் மிரட்டியும், சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஊர்க்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு யாரும் மெடல் போடவில்லை. அந்த வழியில் போகிறீர்கள் என்பதை நீங்கள் பார்க்கும் பள்ளிக்கூடங்களில் சொன்னாலே பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

பேக்கேஜில் பேனரும் கொடியும் இருக்கிறதா என்று கேளுங்கள், நிச்சயம் இருக்கும். பிளாஸ்டிக் விழிப்புணர்வுப் பயணத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, சைக்கிளுக்குச் சைக்கிள் பிளாஸ்டிக் கொடி செருகி, வழியெல்லாம் தண்ணீர் பாக்கெட் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தண்ணீர் பாக்கெட் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் கொடியும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. துணியில் பெயின்டரை வைத்து எழுதுங்கள். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு வண்டியில், ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில்.

பின்னால் வரும் வண்டி அவசியம் வேண்டும், அதை நீங்களே பேசிக்கொள்ளலாம். வாடகைக்கு என்றால் மஞ்சள் போர்டு வண்டி மட்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். சைக்கிளையும் ஏற்றலாமே என்று பெரும்பாலும் டாடா ஏஸ் மாதிரி சரக்கு வண்டிதான் பிடிப்பார்கள், அதில் தப்பில்லை, ஆனால் களைத்துப்போனவரை சைக்கிளோடு சேர்த்துப் பின்னால் ஏற்றிவிடுவார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது. இதைச் சொன்னதும் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கையைத் தூக்குவார்: சரக்குக்குச் சொந்தக்காரர் கூடப் போகலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறதே, சைக்கிள் என்னுடையது, அப்போது நான்தானே சொந்தக்காரர்? சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ வண்டியில் போகும்போது அடிபட்டால் இன்ஷூரன்ஸ் உண்டு என்பது அதன் சாரம். ஆனால் அவர் உட்கார வேண்டிய இடம் டிரைவர் பக்கத்து சீட். அந்த வண்டியில் பெரும்பாலும் ஒரு சீட்டுதான் இருக்கும். மூன்று பேர் களைத்தால் மூன்று பேரும் சொந்தக்காரர்கள்தான், ஆனால் சீட் ஒன்றுதான், மற்ற இருவரும் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தால் சொந்தக்காரர் என்ற பேச்சு எடுபடாது. மூன்று பேரும் சைக்கிளை ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் போகட்டும். அல்லது சரக்கு வண்டியோடு இன்னொரு மஞ்சள் போர்டு வேன் வையுங்கள். திரும்பி வர 22 சைக்கிளும் ஏறும் பெரிய வண்டிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். போகிற உற்சாகத்தில் எல்லோரும் மறப்பது திரும்புவதைத்தான்.

உடம்பைத் தயார் செய்ய ஆறு வாரம் போதும். வாரம் மூன்று நாள், முதலில் 15 கிலோமீட்டர், போகப்போகக் கூட்டுங்கள். கடைசி இரண்டு வாரமும் சனி 40, ஞாயிறு 40 என்று அடுத்தடுத்த நாளில் ஓட்டுங்கள், ஏனென்றால் முதல் நாள் யாரும் 60 போய்விடலாம், உட்காரும் இடம் வலிக்கத் தொடங்குவது இரண்டாம் நாள் காலையில்தான். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும், அந்த உயரம் சரி. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டி வலிக்கிறது என்பார்கள். புது சீட், புது ஷூ எதுவும் கடைசி வாரத்தில் வேண்டாம்.

வழியை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் தஞ்சாவூர். நாலுவழிச் சாலையில் போனால் தூரம் குறைவு, ஆனால் லாரி உரசும். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, பூதலூர் வழி கொஞ்சம் கூடுதல், நிழலும் வாய்க்காலும் உண்டு. இரண்டாம் நாள் வடுவூர் ஏரியில் நின்று, மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி. வடுவூர் பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, நீர்நிலை பற்றிப் பேச அந்த ஏரிக்கரையைவிட வேறு மேடை வேண்டாம். மூன்றாம் நாள் வேதாரண்யம், கோடியக்கரை, சுமார் 45 கிலோமீட்டர். குறைவாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அந்த மாதம் கடல்பக்கமிருந்து வீசும் எதிர்காற்று உப்பளம் பக்கம் போனதும் தெரியும், 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் 10க்கு இறங்கிவிடுவார்.

பொங்கலுக்குப் பிறகு என்று வைத்தது நல்லது. நவம்பரில் அந்தப் பக்கம் போவது சூதாட்டம், கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. ஆனால் தை, மாசி சம்பா அறுவடைக் காலம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயும், வைக்கோல் கிடக்கும், அறுவடை இயந்திரம் இழுத்து வந்த சேறு வழுக்கும். நெல்மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம், வைக்கோல்மேல் பிரேக் போடாதீர்கள். சூரியன் உதிக்கவே ஆறரை ஆகும், பனியும் இருக்கும். இருட்டில் கிளம்பி வீரம் காட்ட வேண்டாம், வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு 11 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

22 பேரும் ஒரே சரமாகப் போகக் கூடாது. பஸ்காரர் ஒரே மூச்சில் முந்த முடியாமல் நடுவில் செருகுவார். ஏழெட்டுப் பேர் ஒரு குழு, குழுக்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, ஒருவர் பின் ஒருவராக. முன்னால் போகிறவர் வேகமானவராக இருக்கக் கூடாது, கடைசியில் வருகிறவர்தான் பலசாலியாக இருக்க வேண்டும், பஞ்சர் சாமானும் அவரிடமே. ஹெல்மெட் கட்டாயமில்லை என்று சட்டத்தைப் பேசுகிறவரை வேனிலேயே உட்காரவையுங்கள்.

சாப்பாட்டுக்கு இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய், மோர் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 1 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும்; பாதியைப் பாட்டிலில் கொட்டி ருசி பார்த்துக் கலக்கும் வேலை வேண்டாம்.

கோடியக்கரையில் சரணாலயத்துக்குள் போக வனத்துறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள், நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு. உள்ளே கோஷம், மைக், விசில் எதுவும் கூடாது, வெளிமான் கூட்டம் ஓட ஆரம்பித்தால் நிற்காது. பூநாரை தூரத்தில்தான் தெரியும், கிட்டே போய்ப் படம் எடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

அந்த 58 வயதுக்காரர் பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறார் என்றால் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடட்டும். ஏற்பாட்டாளருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்றும் எழுதவில்லை. கொடுத்திருந்தால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள், ‘போலீஸ் அனுமதி’ என்ற வரியை மட்டும் அவர் எழுதித் தர மாட்டார்.