கோப்பா, கோப்புறையா: சி மொழியில் சரியான இடத்தில் கேளுங்கள்

கேள்வி: இரணைமடுக் குளத்தின் நீர்மட்டக் கணக்குகளை வாசிக்க லினக்ஸில் சி மொழியில் செய்நிரல் எழுதுகிறேன். 'இரணைமடு' கோப்புறைக்குள் 'காலபோகம்', 'சிறுபோகம்' என்ற உட்கோப்புறைகளும், '2023', '2024' என்று பின்னொட்டு இல்லாத கோப்புகளும் உண்டு. உள்ளே நின்று ஓட்டினால் சரியாகப் பிரிக்கிறது. ஒரு படி மேலே நின்று ஓட்டினால், முதலில் வரும் சிலவற்றைக் கோப்பு என்கிறது. பிறகு எல்லாவற்றையுமே கோப்புறை என்கிறது. ஏன்? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: கோப்புறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் ரீட்டிர், பாதையில்லாமல் வெறும் பெயரைத்தான் தரும். '2023' என்றுதான் வரும்; 'இரணைமடு/2023' என்று வராது. அதை அப்படியே, ஒரு பெயரின் விவரங்களைச் சொல்லும் ஸ்டாட்டிடம் கொடுத்தால், செய்நிரல் நிற்கும் இடத்தில்தான் தேடும். அங்கே அது இல்லை. ஸ்டாட் -1 ஐத் திருப்பி, பிழை எண்ணுக்கான எர்நோவில் 2 ஐ வைக்கும். 'அப்படி ஒன்று இல்லை' என்று பொருள். உங்கள் செய்நிரல் அந்த -1 ஐப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போகிறது.

நீங்கள் கவனித்த ஒழுங்கே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. பட்டியலில் '.' (இதே கோப்புறை), '..' (அதற்கு மேலே உள்ள கோப்புறை) என்ற இரண்டும் வரும். இவை எங்கே நின்றாலும் இருக்கும்; ஆகவே ஸ்டாட் வெற்றி பெற்று, விடைக்காக நீங்கள் கொடுத்த கட்டமைப்பில் 'கோப்புறை' என்று நிரப்பிவிடும். அடுத்த பெயரில் தோற்கும்போது கட்டமைப்பை அது தொடுவதில்லை, பழைய விடை அப்படியே கிடக்கும். '.' வருவதற்கு முன் வந்த பெயர்களுக்கு நினைவகத்தில் கிடந்த குப்பைதான் விடை. பெயர்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. இன்னொரு கணினியில் வேறுவிதமான பிழை வரும்.

பாதையை ஒட்டிக் கொடுக்கலாம். அதைவிட, திறந்த கோப்புறைக்குள்ளேயே பெயரைத் தேடும் எஃப்ஸ்டாட்அட் நல்லது. அதற்குக் கொடுக்க வேண்டியவை: திறந்த கோப்புறையை டிர்எஃப்டிக்குக் கொடுத்து வரும் எண், பெயர், கட்டமைப்பின் முகவரி, கடைசியாக 0. விடை 0 ஆக இருந்தால் மட்டும், கட்டமைப்பில் வகையைச் சொல்லும் எஸ்டி_மோடைப் பாருங்கள். '.', '..' இரண்டையும் முதலிலேயே தாண்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இறங்கும் செய்நிரல் தன்னையே சுற்றும். வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பைப் பின்தொடர வேண்டாம் என்றால் கடைசி 0 க்குப் பதிலாக ஏடி_சிம்லிங்க்_நோஃபாலோ.

எஸ்டி_மோடை, கோப்புறைக்கான எண்ணான எஸ்_ஐஎஃப்டிருடன் பிட் பிட்டாக வெறுமனே 'அன்ட்' செய்யாதீர்கள். எண்மத்தில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) கோப்புறை 0040000, சாதாரணக் கோப்பு 0100000. ஆனால் வட்டுக்கான தொகுதிச் சாதனம் 0060000, செய்நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் சாக்கெட் 0140000. இந்த இரண்டிலும் கோப்புறையின் பிட் இருக்கிறது! கோப்புறையா என்று கேட்கும் எஸ்_ஐஎஸ்டிர், சாதாரணக் கோப்பா என்று கேட்கும் எஸ்_ஐஎஸ்ரெக் இரண்டும் முதலில் 0170000 ஆல் மறைத்துவிட்டு முழுமையாக ஒப்பிடும். அவற்றையே பயன்படுத்துங்கள். கோப்புறை அல்லாததெல்லாம் கோப்பு என்றும் முடிவு கட்டாதீர்கள்.

பெயருடன் ரீட்டிரே தரும் வகை எண்ணான டி_டைப் வேகமானது. ஆனால் சில கோப்பு முறைமைகள் அதில் 0, அதாவது 'தெரியாது' என்று தரும். அப்போது எஃப்ஸ்டாட்அட்டிடம் போகவேண்டும்.

எஃப்ஓப்பன் திறந்தால் கோப்பு என்று எண்ணுவதும் தவறு. லினக்ஸில் கோப்புறையும் வாசிப்பு முறையில் திறக்கும். வாசிக்கும்போதுதான் பிழை 21, அதாவது 'இது கோப்புறை' என்று வரும்.

இதே செய்நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோனால், அங்கே கோப்பின் பண்புகளைச் சொல்லும் கெட்ஃபைல்ஆட்ரிபியூட்ஸ் தரும் எண்ணில் 16 ஆம் மதிப்புள்ள பிட்தான் கோப்புறை. ஆனால் பெயர் இல்லாதபோது அது எல்லாப் பிட்டும் 1 ஆன எண்ணைத் தரும். முதலில் அதைச் சோதிக்காவிட்டால், அங்கேயும் இல்லாத கோப்பு 'கோப்புறை' ஆகிவிடும்.