திருத்துகிற கை

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறு மாதம் முன்பு என்னை டீம் லீடாக ஆக்கினார்கள். எனக்குக் கீழே எட்டுப் பேர். யாருக்கும் பொறுப்பு இல்லை. சொன்னதை மட்டும் செய்கிறார்கள், அதையும் அரைகுறையாக. பல நாள் அவர்கள் எழுதிய கோடிங்கை ராத்திரி நானே உட்கார்ந்து சரிசெய்து அனுப்பிவிடுகிறேன். வீட்டில் சண்டை. ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்கிறார் வள்ளுவர். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே எனக்கு இல்லையே? தலைமைப் பண்பு வகுப்பு ஏதாவது போகலாமா? இவர்களோடு நண்பனாகப் பழகுவதா, தள்ளி நிற்பதா?

கே.

அன்புள்ள கே.,

வகுப்புக்கு ஆபீஸ் பணம் கட்டினால் போய்வாருங்கள், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். நண்பனாகப் பழகுவது அவரவர் சுபாவம், யாரையும் கேட்டுச் செய்கிற காரியமில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்ற புகாரை விடுங்கள். தனக்குப் பிடித்த ஆட்களோடு மட்டும் வேலை பார்த்த யாரையும் நான் சந்தித்ததில்லை.

போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ராத்திரி நீங்களே சரிசெய்து அனுப்பிவிடுகிறீர்களாம். அதைத் தியாகம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், வீட்டுச் சண்டையை வேறு சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். தம்பி, இதற்குப் பெயர் திருட்டு. அவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய தப்பை ஒவ்வொரு ராத்திரியும் எடுத்து ஒளித்துவைக்கிறீர்கள். காலையில் வருகிறவனுக்கு என்ன தெரியும்? நேற்று எழுதியது ஓடுகிறது, அவ்வளவுதான். பொறுப்பில்லை என்கிறீர்கள். அதைத்தான் தினமும் லேப்டாப்போடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறீர்களே, அவனுக்கு எங்கிருந்து வரும்?

குறளை எடுத்தீர்கள், சரி. 517. மேடையில் இதைச் சொல்கிற எல்லோரும் ‘என்றாய்ந்து’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், நீங்களும்தான். கடைசிச் சொல் ‘விடல்’. அதனை அவன்கண் விடல். ஆராய்கிற வேலையை யாரும் செய்வார்கள். விடுகிற இடத்தில்தான் கை நடுங்கும். விட்டுவிட்டுத் தூங்கப் போகச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘நாடோறும் நாடுக’ என்கிறது. அரசனுக்குச் சொன்னது, உங்களுக்கும் பொருந்தும். தினமும் பாருங்கள், அவர்கள் இருக்கும்போது, அவர்கள் கண்முன்னால்.

தொண்ணூறுகளில் என் அம்மாவைக் கண்புரைக்காக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். அங்கே இரண்டு மேஜைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றில் முடித்ததும் டாக்டர் நுண்ணோக்கியை மற்றதற்குத் திருப்பிக்கொள்வார், அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். தயார்செய்வது கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டரின் கையால் மட்டுமே ஆகிற வேலைதான் டாக்டருக்கு.

அம்மாவுக்கு லென்ஸ் அளவு எடுத்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். கருவி பிடித்த கை லேசாக ஆடியது. பக்கத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அளவு சரியாக வரவில்லை போல. “இன்னொரு தடவ எடும்மா.” மறுபடியும் வரவில்லை. “இன்னொரு தடவ.” அம்மா முணுமுணுத்தாள். வரிசை வாசல்வரை நின்றது. அந்தச் சிஸ்டரே வாங்கி எடுத்துத் தொலைத்தால் என்ன என்றுதான் எனக்கும் இருந்தது. மூன்றாவது தடவை வந்தது. அந்தப் பெண் திரும்பி முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் அப்போதும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. “எழுதிக்கோ” என்றார்.

அந்தக் கட்டிய கை எனக்கு வாய்க்கவில்லை. எண்பதுகளில் ஒரு மாதப் பத்திரிகையில், அச்சுப்பிழை திருத்துகிற புரூப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். நல்ல பையன், படிக்கிற பையன். அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர் ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்று கோத்திருந்தால் மட்டும் அவன் கண்ணில் படாது. ற்-க்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராதுடா என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அவன் சைக்கிளை எடுத்ததும் தாளை இழுத்து, அந்த ச்-ஐச் சிவப்பு மையில் அடித்து, அச்சுக்கு அனுப்புவேன். எட்டு மாதம். சொன்னால் பையன் முகம் வாடிவிடும், அதனால் பாசத்தில் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் இதழ் வராது என்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள இருபது வருடம் ஆயிற்று. உங்கள் கடிதத்திலும் அந்த வாசனை அடிக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவன் சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இவன் வேலையையும் நீங்கதானே பார்க்கிறீங்க?” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாதமே பையன் நின்றுவிட்டான். போகும்போது என் மேஜையில் மையூற்றுப் பேனாவுக்கு அடியில் அரைத்தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தான். குண்டு குண்டான கையெழுத்து. நன்றி, வணக்கம் எல்லாம் சொல்லி, கடைசியில் ‘எனது அடுத்த முயற்ச்சிகளுக்குத் தங்கள் ஆசி வேண்டும்’ என்று எழுதியிருந்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே என் கை பேனாவைத் திறந்து அந்த ச்-ஐ அடித்துவிட்டது.