மணாலியில் பனி பெய்யுமா? டீச்சரிடம் கேட்டவை

அரையாண்டு லீவுக்கு வடக்கே மலைப்பக்கம் டிக்கெட் போட்டவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய பேர் இருக்கிறீர்கள். திருப்பாதிரிப்புலியூர் டீச்சர் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், குளிர்காலத்தில் இமயமலைக்குப் போய்வருகிறவர். ஞாயிறு மாலை உட்கார்ந்து பதில் சொன்னார். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பதில்களில் கை வைக்கவில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: டீச்சர், டிசம்பர் 25 மணாலியில இருப்போம். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. போன்ல 18 செ.மீ. பனின்னு காட்டுது. நம்பலாமா?

நம்பாதீங்க. பன்னிரண்டு நாள் முன்னாடி சென்டிமீட்டர் கணக்கில் சொல்வது ஜோசியம். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டுவது மேற்கத்திய இடையூறுகளால். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கமிருந்து மேல்மட்டக் காற்றோட்டத்தில் மிதந்து வருகிற அலைகள் அவை. மாதத்துக்கு நாலிலிருந்து ஆறு வரும். எல்லாமே பனி தராது. சிலது வடக்கே ஒதுங்கிப் போய்விடும், சிலது ஈரப்பதம் இல்லாமல் வெறும் மேகம் காட்டிவிட்டுப் போகும். அலை வருகிறதா என்பது ஒரு வாரம் முன்னால் ஓரளவு தெரியும். எவ்வளவு கொட்டும் என்பது கடைசி மூன்று நாளில்தான் பிடிபடும். நமக்கு இது புதுசா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகு நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே. அத்தனை பக்கத்தில் வந்த பிறகும் அது எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரிந்தது?

அதைவிட முக்கியம், போன் காட்டும் 18 செ.மீ. எந்த உயரத்துக்கு? மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர். சோலாங் 2,500ஐ ஒட்டி. ரோதாங் கணவாய் 3,978. மேலே ஏற ஏற வெப்பம் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். பூஜ்ய டிகிரிக் கோடு, அதாவது காற்றின் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும் உயரம், 2,500 மீட்டரில் இருந்தால் சோலாங்கில் பனி, மணாலி கடைத்தெருவில் மழை. பனி உருகாமல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருநூறு முந்நூறு மீட்டர் இறங்கும், அதற்கு மேல் தாங்காது. ஆப் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது, ஒரு கட்டத்துக்குள் மலையும் பள்ளத்தாக்கும் சேர்ந்து சராசரியாகிவிடுகின்றன. அதனால் எண்ணைப் பார்க்காதீங்க, உறைநிலை உயரத்தை, அந்தப் பூஜ்யக் கோட்டைப் பாருங்க.

அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு கதவை மூடித் தூங்காதீங்க. கேட்கவில்லை என்றாலும் சொல்வேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அறிக்கையில 10 மி.மீ.ன்னு மட்டும் இருக்கு. அது பனியில எவ்வளவு?

அது உருக்கிய தண்ணீர் அளவு. தோராயமாக 10 செ.மீ. பனி. காஷ்மீரின் குல்மார்க் மேலே கடுங்குளிரில் விழுந்தால் 15 செ.மீ.கூட நிற்கும், பஞ்சு மாதிரி. பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் ஐந்தாறுதான், அதுவும் சேறு. பனிமனிதன் செய்ய இரண்டாவது வகைதான் நல்லது, குழந்தைகளிடம் சொல்லுங்க.

பண்ருட்டியிலிருந்து: ஜனவரி முதல் வாரம் குல்மார்க். அங்க கட்டாயம் பனி இருக்கும்தானே டீச்சர்?

கட்டாயம் இல்லை. 2024 ஜனவரியில் மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லோடுதான் இருந்தன. மாதக் கடைசியில்தான் பெய்தது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் ‘சில்லை கலான்’ காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம். குளிர் வந்துவிடும், அலை வந்தால்தான் பனி. கீழே இல்லாவிட்டால் கொண்டோலா என்கிற ரோப் காரில் இரண்டாம் கட்டம் ஏறுங்க, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். கீழே வெறும் புல்லாக இருக்கும் நாளிலும் மேலே கிடைக்க வாய்ப்பு உண்டு.

மஞ்சக்குப்பத்திலிருந்து: ஷிம்லாவில் பனி?

2,200 மீட்டர். மணாலிக்கு முன்னால் சொன்னதைப் படிங்க.

நெய்வேலியிலிருந்து: உயரம் உயரம்னு சொல்றீங்க. ஊட்டி 2,240 மீட்டர். மணாலியைவிட உயரம்! ஊட்டியில ஏன் மூணு அடி பனி இல்ல? உங்க கணக்கு இடிக்குதே.

இதுதான் கேள்வி, தம்பி. கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் இடிக்கும். பூஜ்ய டிகிரிக் கோட்டிலிருந்து எண்ணுங்க. 32 டிகிரி அட்சரேகையில் இருக்கும் மணாலிக்கு மேலே நல்ல அலை வரும்போது அந்தக் கோடு 2,000 மீட்டருக்கே இறங்கிவிடும். ஊட்டி பதினொன்றரை டிகிரி. நீலகிரிக்கு மேலே அது ஜனவரியிலும் 5,000 மீட்டரை ஒட்டியே நிற்கும். தொட்டபெட்டா 2,637தான். மேகத்திலிருந்து விழுவது அங்கே மழையாகத்தான் வந்து சேரும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அப்ப போன ஜனவரியில ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில புல்தரை முழுக்க வெள்ளையா இருந்ததே? நானே வீடியோ எடுத்தேன்.

அது மேலிருந்து விழுந்ததில்லை, தரையிலேயே உண்டானது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாகப் படியும். குளிர்ந்த காற்று கனமானது, வழிந்து பள்ளத்தில் சேரும். அதனால்தான் தலைக்குந்தாவிலும் ரேஸ்கோர்ஸிலும் வெள்ளை, மேட்டில் இருக்கும் வீட்டுக்கூரையில் ஒன்றுமில்லை. மரத்தடியிலும் இருக்காது, போய்ப் பாருங்க. ஒன்பது மணி வெயிலில் போய்விடும்.

வில்லியனூரிலிருந்து: நான் மணாலி போயிருக்கேன் டீச்சர். பனி கொட்டின ராத்திரி ஸ்வெட்டரே போதும். மறுநாள் வானம் வெளுத்ததும் பல்லு கிட்டிப்போச்சு. சொன்னா வீட்ல யாரும் நம்பல.

மறுபடி நெய்வேலி: சார், அடிச்சு விடாதீங்க. பனி கொட்டும்போதா குளிர் குறையும்? ஃப்ரீசர் கதவைத் திறந்து வச்சா சூடா வரும்?

வில்லியனூர்: போய்ட்டு வந்து பேசுங்க சார்.

இரண்டு பேரும் நிறுத்துங்க. வில்லியனூர் சொல்வது சரி. மேகம் மூடியிருந்தால் தரை விடும் சூடு தப்பாது. நீராவி பனியாக மாறும்போதே வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. அலையோடு வரும் ஈரக்காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பானது. அதனால் பனி விழும் இரவில் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். அலை நகர்ந்து வானம் திறந்ததும் புதுப்பனி பகல் வெயிலில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ராத்திரி தன் சூட்டையும் தாராளமாக வெளியே விடும். கீழே மண்ணில் இருக்கும் சூடு பனியைத் தாண்டி மேலே வராது. மூன்றும் சேர்ந்து விடியற்காலை பத்து டிகிரி கீழே தள்ளும்.

நெய்வேலித் தம்பி, இதை நீங்க உங்க வீட்டு மாடியிலேயே பார்த்திருப்பீங்க. மார்கழியில் மேகம் போட்ட இரவு புழுங்கும். வானம் துடைத்துவிட்டிருந்தால் விடியலில் கோலம் போடப் போகும் அம்மா போர்வையோடுதான் போவார்.

நெய்வேலி: அப்ப காத்து? காத்தடிச்சா பனி விழும்போதுதானே உடம்புக்கு அதிகமா உறைக்கும்?

உறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். தெர்மாமீட்டருக்குக் காற்று உறைக்காது, நமக்கு உறைக்கும். ஆனால் மணாலிப் பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் காற்று அடங்கியே இருக்கும், ரோதாங்கில் தூக்கிப்போடும். மறுபடியும் எந்த உயரம் என்றுதான் கேட்பேன்.

ஓட்டுநர்களுக்கு: ஆபத்து பனி விழும் நாளைவிட மறுநாள் காலையில். பகலில் உருகியது இரவில் தார்மேல் கண்ணாடியாக இறுகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அடல் சுரங்கம் (2020இல் திறந்தது, 9.02 கி.மீ.) வழியாக அந்தப் பக்கத்து ஊரான சிஸ்ஸு போகிறவர்கள் காலை பத்துக்கு முன் கிளம்பாதீங்க. பனியில் கார் சிக்கினால் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கவே கூடாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் அப்படிச் சிக்கிய கார்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கரி அடுப்பிலும் அதே விஷம்தான்.

புதுப்பாளையத்திலிருந்து: நம்ம காரைக்கால் ராடார் மாதிரி அங்கயும் பார்க்க முடியுமா?

ஷிம்லா பக்கத்துக் குஃப்ரியிலும் உத்தராகண்டின் முக்தேஷ்வரிலும் இருக்கிறது. ஆனால் கடலுக்கு மேல் பார்ப்பது போல இராது. மலை குறுக்கே நிற்பதால் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு தெரியாது. படம் வெறுமையாக இருந்தால் பனி இல்லை என்று முடிவு கட்டாதீங்க.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அவலாஞ்சியில் பனிச்சரிவு வருமா?

ஊட்டி பக்கத்து அவலாஞ்சியா? அங்கே 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை வந்தது. பயப்பட வேண்டியது மண்சரிவுக்கு.

இமயத்தில் என்றால், 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளின் அடியில், கனத்த பனிக்குப் பிறகு இரண்டு நாள் நடமாடாதீங்க. பாதுகாப்புத் துறையின் சண்டிகர் ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. செய்தியில் வரும், பாருங்க.

பாகூரிலிருந்து: டீச்சர், 28ஆம் தேதி மணாலியில் பனி பெய்யுமா?

25ஆம் தேதி கேள்விக்குச் சொன்னதேதான்.

வில்லியனூர்: டீச்சர், மேல நெய்வேலி சார் இன்னும் ஒத்துக்கல.

நெய்வேலி: ஒத்துக்கிட்டேன் சார். காத்து விஷயம் மட்டும் பாக்கி.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: டீச்சர், நாங்க ஹோட்டல்ல ஹீட்டருக்குத் தனிக் காசு கேக்குறாங்க. கரி அடுப்பு இலவசம்னு...

ஹீட்டருக்குக் காசு கொடுங்க.