மச்சினன் காரும் உங்கள் வேகன்ஆரும்

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் தனியார் வேலைங்க. கைக்கு வருவது 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,000. 2011 நவம்பரில் எடுத்த வேகன்ஆர், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மச்சினன் டர்போ கார் எடுத்ததிலிருந்து, ‘இன்னுமா இந்த டப்பாவை ஓட்டறீங்க மாமா?’ என்கிறான். இதைக் கொடுத்தால் 90,000 தருகிறார்களாம். 14 லட்சத்தில் அவனைப் போல ஒன்று எடுக்க, மகள் படிப்புக்கு வைத்திருக்கும் 4 லட்சத்தை எடுத்து, மீதி 10 லட்சம் கடன் வாங்க வேண்டும். ஆனால் முட்டி வலியுள்ள எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) குனியாமல் ஏறி உட்காரும் ஒரே கார் இதுதான். விற்க மனசு வரலைங்க. பாசத்துக்காகப் பணத்தை வீணடிக்கிறேனா?

பதில்: இல்லைங்க. பாசம் வழக்கமாகச் செலவு வைக்கும்; உங்களுக்கு அது மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது.

10 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 16,100. வட்டி மட்டுமே மூன்றரை லட்சம். வீட்டுக் கடனோடு சேர்த்தால் சம்பளத்தில் பாதி வந்த வேகத்தில் போய்விடும். காப்பீட்டுக்காரர்கள் போடும் தேய்மானக் கணக்கில் நாலு வருடம் தாண்டிய காருக்குப் பாதி விலைதான். உங்களுக்கோ அப்போது இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி இருக்கும். மகள் பணத்தைத் தொடும் யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, பழசுக்கு என்ன செலவு? வரும் நவம்பரில் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 5,000, பசுமை வரி தனி. அடுத்த 5 வருடத்துக்குக் கவலையில்லை. தள்ளிப்போட்டால் மாதம் 500 கூடும். உங்கள் என்ஜின் 998 சி.சி. என்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைப் பிரீமியம் 2,094 ரூபாய்தான். மூன்றே சி.சி. கூடியிருந்தால் 3,416 கட்டியிருப்பீர்கள்! டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று எல்லா வேலையும் ஒரே வருடத்தில் வந்தாலும், புதுக் காரின் மூன்று தவணைக்குள் அடங்கிவிடும்.

மச்சினன் வேகத்தைப் பற்றிப் பேசினால் ஒன்று சொல்லுங்கள். கோயம்புத்தூர் கரிவரதன் கட்டிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்ததே மாருதி 800-இன் என்ஜின்தான். அப்புறம், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் ஒரு கரும்பு லாரி போனால், டர்போவும் வேகன்ஆரும் இரண்டாவது கியரில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மச்சினன் பக்கம் நியாயம் உண்டு. அவரே அதைச் சொல்லியிருக்க மாட்டார். 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். (சடன் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), 2022 முதல் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். 2011 காரில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. கோபி, சத்தி, சந்தை, கோயில் என்று ஓட்டுகிறவரை பரவாயில்லை. வாராவாரம் ராத்திரியில் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர் என்றால், காரை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். அப்போதும் 14 லட்சம் வேண்டாம்; ஏர்பேக் உள்ள மூன்று வருடப் பழைய கார் போதும்.

அதுவரை, கட்டாத அந்தத் தவணையில் 10,000 ரூபாயை மாதாமாதம் தபால் நிலைய ஆர்.டி.யில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் 5 வருடத்தில் 7 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். ஆர்.சி.யும் அதே சமயத்தில்தான் முடியும்.

ஆர்.சி. பணம் கட்டுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காரைத் தூக்கி வைத்து அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் துரு என்றால் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் அந்த 90,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கும் காரில் முதலில் அம்மிச்சியை ஏற்றி உட்கார வைத்துப் பாருங்கள்.