ரோட்ரன்னர் பறவை பாலைவனத்தில் எப்படிப் பிழைத்துக் குஞ்சு பொரிக்கிறது?

குயில் குடும்பம்தான், ஆனால் நம்மூர்க் குயில் மாதிரி அடுத்தவர் கூட்டை நம்பி இருப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிகோவின் சொனோரா பக்கம் கள்ளியிலோ முட்புதரிலோ 1 முதல் 3 மீட்டர் உயரத்தில் சுள்ளி அடுக்கித் தானே கூடு கட்டும். ஆண் பறவை, ஒரு பல்லியை அலகில் கவ்வியபடி வாலாட்டிப் பெண்ணை அழைக்கும்.

பெரும்பாலும் 3 முதல் 6 முட்டைகள். எல்லாம் இட்டு முடிக்கும் முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், சுமார் 20 நாளில் குஞ்சுகள் முன்பின்னாக வெளிவரும். இரை போதாவிட்டால் கடைக்குட்டி மெலிந்துவிடும். சில நேரம் பெற்றோரே அதைத் தின்றுவிடும். கொடூரம்தான், ஆனால் மூத்தவை பிழைக்கும்.

இரவில் அடைகாப்பது ஆண். குளிரில் இந்தப் பறவைகள் உடல் வெப்பத்தைச் சில டிகிரி குறைத்து ஆற்றலை மிச்சம் பிடிக்கும். அடைகாக்கும் ஆணுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. மற்றவை காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி, இறகைச் சிலிர்த்து, கருந்தோலைச் சூடேற்றிக்கொள்ளும்.

தண்ணீர் பெரும்பாலும் இரையின் உடலிலிருந்தே கிடைக்கிறது. மிகுதி உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. சிறு விரியன் பாம்பு சிக்கினால் தலையைக் கவ்விப் பாறையில் அடித்து விழுங்கும். நீளமானதாக இருந்தால் மீதி வாயில் தொங்கிக்கொண்டே செரிக்கும்.