ஒட்டன்சத்திரம் நிலத்தை விற்க வேண்டாம் ஐயா

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பிடிக்க, ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். மைத்துனர் வற்புறுத்துகிறார் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. "எந்நேரமும் மேப்பில் குளத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று குறைபட்டிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆர்வத்துக்கு ஏற்றது பி.பிளான் என்னும் நகரத் திட்டமிடல் பட்டம்; நான்கு வருடப் படிப்பு. எந்தப் புல எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று ஓர் ஊரின் முழுமைத் திட்டத்தை வகுப்பவர்கள் இதைப் படித்தவர்கள். டெல்லி, போபால், விஜயவாடாவில் இதற்கென்றே மத்திய அரசுக் கல்லூரிகள் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் தாள் 2பி எழுத வேண்டும். பி.டெக்குக்கான தாள் 1 மட்டும் போட்டுவிட்டுப் பிறகு கைபிசைபவர்கள் நிறைய.

சேர்வதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசம்; 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். உங்கள் நிலத்தின் எஃப்எம்பி வரைபடத்தை (சர்வே துறையின் புல அளவு வரைபடம்) ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டையும் பொருத்த, சர்வே கல், மதகு, ரோடு முக்கு என்று நாலு மூலைக்கும் பரவலாக நாலைந்து புள்ளிகள் வேண்டும். எல்லாம் ஒரே ஓரத்தில் இருந்தால் மறுகோடி விலகிப் போய்விடும்.

அடுத்து மண்டலம். இடத்தை மீட்டரில் குறிக்க, யூடிஎம் முறை பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்து எண் கொடுக்கிறது; அதுதான் மண்டலம். உங்கள் திண்டுக்கல் மாவட்டத்தை 78 டிகிரி தீர்க்கரேகை பிளக்கிறது: ஒட்டன்சத்திரம் யூடிஎம் 43, நத்தம் 44. 43-க்குப் பதில் 44 என்று மாற்றிக் கொடுத்தால் நிலம் 650 கிலோமீட்டர் கிழக்கே வங்கக் கடலில் போய் விழும். மண்டலமே கொடுக்காமல் டிகிரியில் விட்டால், வாய்க்காலைச் சுற்றி 100 மீட்டர் பஃபர் (சுற்று எல்லை) போட நினைத்து 100 என்று கொடுப்பது 100 டிகிரி ஆகிவிடும். கடைசியில் பரப்பு 0.607 ஹெக்டேருக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பட்டாவோடு ஒத்துப் பார்க்கட்டும்.

பிறகு, நிலத்தின் மேடு பள்ளத்தை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகச் சொல்லும், இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை மேலே போடட்டும். உங்கள் நிலம் முழுக்க ஏழு கட்டத்தில் அடங்கிவிடும். வரப்பும் ஓடையும் அதில் தெரியவே தெரியாது. அதை மட்டும் நம்பி லேஅவுட் போட்டால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். அதனால் அவள் நிலத்துக்கே நடந்து போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். இந்த வேலையில் கம்ப்யூட்டரில் பாதி, காலால் நடந்து பாதி.

பணம் கட்டி எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் இப்போது சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் அவளுக்குச் சலித்துவிட்டால் எழுதுங்கள், வேறு பார்ப்போம். சலிக்கவில்லை என்றால், ஜேஇஇ விண்ணப்பத்தில் 2பி-யை அவள் கையாலேயே தேர்ந்தெடுக்கட்டும்.